பால்பாண்டி பிடித்து வைத்திருந்த ஜாதகம்

அன்றைக்கு ஆபீசில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் குழப்பம் வரக் கூடாது பாருங்கள். முதலாளியம்மா செண்பகவல்லி. டைப் அடிக்கிற எஸ்தர். போன் எடுக்கிற முப்பிடாதி. பேரைக் கேட்டுப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், மீசை வைத்த ஆள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கடையநல்லூர் ஷாஜகான். கல்யாணப் பெண் இசக்கியம்மாள். அவளுடைய அப்பா சுடலைமுத்து. நான். ஆக ஏழு பேர். சுவரில் பிள்ளையார் இருக்கிறார், அவரைச் சேர்த்தால் எட்டு. ஆனால் அவர் எல்லா நாளும் இருப்பவர், வருகையில் நான் சேர்ப்பதில்லை.

பால்பாண்டி அங்கே இல்லை. அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லாத ஆள்தான் அத்தனையும் செய்தது.

இந்தப் பையை நம் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளட்டுமா? குத்துவிளக்கு. மேலே தூக்கி வைத்தால் பஸ் குலுங்குகிற குலுக்கலில் யார் தலையிலாவது இறங்கிவிடும். நான் பொதுவாக யாரிடமும் பேசுகிறவன் இல்லை. கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுவேன். நீங்கள் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னீர்கள், அதனால் வாயைத் திறந்தேன். இந்த விஷயம் உங்களுக்குத்தான் புரியும்.

என் பெயர் கோமதிநாயகம். படிப்பு எட்டாவது. சங்கரன்கோவிலில் 'மங்கல வாசல் திருமணத் தகவல் நிலையம்' என்று மாடியில் ஒரு ஆபீஸ், அங்கே பொருத்தம் பார்க்கிற வேலை. எனக்கா? கல்யாணம் ஆகவில்லை. எல்லாரும் கேட்கிறார்கள். ஆகவில்லை, அவ்வளவுதான். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தால் நான் ஜாதகத்தைப் பார்ப்பேனே தவிர அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன். அதனால்தான் என் பொருத்தம் தப்பாது என்று முதலாளியம்மா சொல்வார். முகத்தைப் பார்த்தால் மனசு சாயும்.

முன்பெல்லாம் கடிதாசில் எழுதின ஜாதகம். ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டிருந்தால், அந்தப் பெண்ணின் ஜாதகத்தைப் பிள்ளையார் முன்னால் விரித்து வைப்பேன். பதில் வரும்வரை மடிக்க மாட்டேன். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ஜாதகத்தை மடித்தால் பேச்சும் மடங்கிப் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, என் அனுபவம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. மூன்று. ஜாதகம் முழுக்க ஒரே ஃபைல். அந்த ஃபைல் எஸ்தரின் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறது, மற்ற இரண்டும் ஒயர் வழியாக அதற்குள் போய்ப் பார்க்கும். ஒரே நேரத்தில் மூன்று பேரும் பார்க்கலாம். ஆனால் ஒருவர் ஒரு ஜாதகத்தில் கை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தால், அவர் முடித்து வெளியே வருகிறவரை மற்றவர்கள் அந்த ஜாதகத்தைத் திருத்த முடியாது. இது ஷாஜகான் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஒரே பெண்ணை ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசி முடித்துவிடக் கூடாது அல்லவா?

ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் அப்போது பால்பாண்டி இருந்தான். வாயாடி. போன தீபாவளிக்கு முன்னால், வரன்களின் போன் நம்பர்களைத் துண்டுக் கடிதாசில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்த்த மாடியில் 'மணமாலை' என்று ஒரு போட்டி ஆபீசில் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு சட்டம். எந்த நம்பரையும் கடிதாசில் எழுதக் கூடாது. ஃபைலில் இருப்பதுதான் நம்பர். ஃபைலில் இல்லாததைப் பெற்ற தாய் வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது.

அவன் போனதும் அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். நாற்காலி, கம்ப்யூட்டர், மேலே ஓடுகிற ஃபேன் எல்லாம் சேர்த்து. ஃபேனுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. சிரிக்காதீர்கள், உண்மையாகவே இல்லை. ஒரு பெண்ணின் பக்கத்தைத் திறந்ததும், குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் முதலில் ஒரு 'உ' போடுவேன். பிள்ளையார் சுழி இல்லாமல் எதையும் தொடங்கிப் பழக்கம் இல்லை. அப்படிப் போட்ட உடனே ஓரத்தில் ஒரு பென்சில் படம் வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் கையால் எழுதுகிறவன் என்று அதற்கு எப்படித் தெரிந்தது? பென்சில் இருக்கிறது என்றால் இன்னும் மை போட்டு முடிவாகவில்லை, பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிடுவேன்.

பக்கத்தை மூட வேண்டும் என்றால் மேல் மூலையில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. எங்கள் கணக்கு வாத்தியார் தப்புக்குப் போடுவாரே, அந்தக் குறி. கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணின் தலைமாட்டில் அதை அமுக்குவதாவது! எஸ்தர் நாள் முழுக்க டக்டக்கென்று அமுக்குவாள். சின்ன வயசு, பயமில்லை. நான் தொட்டதில்லை. பெருக்கல் குறிக்கு இரண்டு கட்டம் தள்ளி ஒரு சின்னக் கோடு இருக்கிறது பாருங்கள், அதைத் தொட்டால் பக்கம் அடக்கமாகக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். மூடினதாகவும் ஆகாது, கண்ணுக்கு உறுத்தலாகவும் இருக்காது. எவ்வளவு மரியாதையான ஏற்பாடு! சாயங்காலம் திரையின் பொத்தானை அமுக்கினால் விளக்கு அணைந்துவிடும். வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். மேஜைக்குக் கீழே ஒரு பெட்டி மட்டும் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். அது கரண்டைச் சீராக்குகிற பெட்டி, அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் இருமுகிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

சரி. இசக்கியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். புளியங்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். வயது முப்பத்தொன்று. கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். பதினோரு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவதாகப் பங்குனியில் ஒரு மாப்பிள்ளை. மஸ்கட்டில் வேலை, லீவில் வந்திருந்தான். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. நான் பார்த்த பொருத்தங்களில் ஒன்பது வந்தது அபூர்வம். மாப்பிள்ளையின் அம்மா ஆவுடையம்மாளுக்குப் பெண்ணின் விவரம் அச்சடித்த சீட்டைக் கொடுத்து, நீங்களே போன் பண்ணிப் பேசுங்கள் என்று அனுப்பிவைத்தோம். அன்றைக்கே இசக்கியம்மாளின் பக்கத்தைத் திறந்து, உ போட்டு, பென்சில் வந்ததைப் பார்த்து, கீழே இறக்கி வைத்துவிட்டேன். பதில் வருகிறவரை அது திறந்தே இருக்கட்டும் என்று.

இங்கேதான் பால்பாண்டி வேலையைக் காட்டினான்.

இசக்கியம்மாள் அதற்குச் சில மாதம் முன்னாலேயே போன் நம்பரை மாற்றியிருந்தாள். பழைய நம்பரை அந்தக் கம்பெனிக்காரன் யாரோ ஒரு கோழிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டான். புது நம்பரைச் சொல்ல அவள் அப்போதுதான் ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். எஸ்தர் திருத்தப் போனால் அவள் திரையில் பென்சில் வரவில்லை. வட்டத்துக்குள் குறுக்கே கோடு போட்ட தடைக் குறி வருகிறது. இந்தப் பக்கத்தை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், பொறுத்திருக்கவும் என்று ஒரு வாசகம். பொறுத்திருந்தாள். மறுநாளும் அதே. முப்பிடாதி கம்ப்யூட்டரில் பார்த்தால் அங்கேயும் தடை.

"அண்ணாச்சி, ஒங்க கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கு?" என்று எஸ்தர் கேட்டாள்.

"எனக்குப் பென்சில் இருக்கே," என்றேன்.

"ஒங்களுக்கு மட்டும் வருதா!"

"பதனமா வச்சுக்கிட்டா எல்லாருக்கும் வரும்," என்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. உள்ளது அதுதானே. மூன்றில் இரண்டு பழுது, ஒன்று நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதை யாராவது குற்றம் சொல்வார்களா?

கடிதாசில் நம்பர் எழுதக் கூடாது என்கிற சட்டம் இருக்கிறது அல்லவா? எஸ்தர் நேர்மையான பெண், எழுதவில்லை. இரண்டு நாள் மனதில் வைத்திருந்தாள், மூன்றாம் நாள் மறந்துபோனாள். அந்தப் பக்கம் ஆவுடையம்மாள் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்கிறார். எதிரில் எடுத்த ஆள், "உயிரோடயா, உரிச்சா?" என்று கேட்டிருக்கிறான். சம்பந்தம் பேசப் போன இடத்தில் இப்படிக் கேட்டால் எந்த அம்மாதான் பயப்பட மாட்டார்? வைத்துவிட்டு மறுபடி பண்ணினால், "கிலோ கணக்கா, முழுசாவா?" என்கிறான்.

அந்த அம்மா எங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சண்டை பிடித்தார். முப்பிடாதி ஃபைலைப் பார்த்து, "நம்பர் கரெக்டாத்தானே இருக்கு, அத்தே. நீங்க சரியாப் பேசிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அதோடு ஆவுடையம்மாள் எங்கள் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். வியாழக்கிழமை காலையில் இசக்கியம்மாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரே வந்து மாடிப்படியில் ஏறினாள்.

நான் முதலில் ஏழு பேர் சொன்னேனே, அது அந்த வியாழக்கிழமை.

சுடலைமுத்து சாதுவான மனிதர். "இது போச்சுன்னா எம் பொண்ணு இனிமே யாரையும் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டா அம்மா," என்றார்.

"சும்மா இருங்கப்பா," என்றாள் இசக்கியம்மாள். "அண்ணாச்சி, எத்தனை மட்டம் நம்பரு சொல்லுறது? இங்க மூணு கம்ப்யூட்டர் வச்சு என்ன செய்யுதிய, முறுக்கு சுடுதியளா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாப்பிள்ளை போட்டோ பாத்தியாம்மா?" என்று முதலாளியம்மா பேச்சை மாற்றினார்.

"பாத்தேன். ஆள் பரவாயில்ல. காதுதான் கொஞ்சம் பெருசு. நான் சொல்லுறத நல்லாக் கேப்பாருன்னு நெனச்சிருந்தேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது என்று எனக்கே தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

ஷாஜகான் எஸ்தர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். பொறுமைசாலி. "மொதல்ல எல்லாரும் ஃபைல மூடிட்டு வெளிய வந்துருங்க. நான் உள்ள யாரு நிக்கான்னு பாக்கேன்," என்றார். எஸ்தர் பெருக்கல் குறியை அமுக்கினாள். முப்பிடாதி அமுக்கினான். நான் எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்தேன்.

"அண்ணாச்சி, மூடியாச்சா?"

என் திரையை மேலும் கீழும் பார்த்தேன். மலையும் தண்ணீருமாக ஒரு படம் மட்டும்தான் இருந்தது. "ஒண்ணும் தெரியல தம்பி," என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று திரையையும் அணைத்துவிட்டேன். சொன்னால் சொன்னபடி செய்கிறவன் நான்.

ஷாஜகான் விளக்கினார். இந்த ஃபைலை யாராவது திறந்தால், பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபைல் தானாகப் பிறக்குமாம். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அது எழுதி வைத்துக்கொள்ளுமாம். கடைசி ஆளும் வெளியே வந்துவிட்டால் அதுவும் தானாக மறைந்துபோகுமாம். "இப்ப எல்லாரும் வெளிய வந்தாச்சு. ஆனா குட்டி இன்னும் இருக்கு," என்றார். அதை அழிக்கப் பார்த்தார். அழிய மாட்டேன் என்றது. "உள்ள ஒரு ஆளு நிக்கான்," என்றார்.

எல்லாரும் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றோம். அந்தக் குட்டி ஃபைலைத் திறந்தார். ஒரே ஒரு பெயர் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து, எஸ்தர்தான் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

பால்பாண்டி.



முதலாளியம்மாவின் முகம் குங்குமம் மாதிரி ஆகிவிட்டது. "நெனச்சேன்! எதிர்த்த மாடில இருந்துக்கிட்டு எம் ஃபைலுக்குள்ள கைய விட்டுருக்கான். இந்தப் பிள்ளையோட ஜாதகத்தப் பிடிச்சு வச்சுக்கிட்டுத் திருத்த விட மாட்டேங்கான்!"

"அம்மா, பொறுங்க. அது ஆள் பேரு இல்லம்மா. அந்த மிஷினுக்கு வச்ச..." என்று ஷாஜகான் ஏதோ மிஷின் விவரம் சொல்லத் தொடங்கினார். படித்தவர்களுக்கே இந்தப் பழக்கம் உண்டு, பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கும், இல்லை இல்லை என்பார்கள். அம்மா அதற்குள் பாதிப்படி இறங்கிவிட்டார்.

"எப்படி உள்ள வந்திருப்பான்?" என்று முப்பிடாதி என்னைக் கேட்டான்.

"தெருவுல ஒயர் தொங்குதுல்லா," என்றேன். "அவன் உக்காந்த இடம் எனக்குத் தெரியும். தெனமும் அங்கதானே நான் உக்காருதேன். மேஜைக்கு அடியில ஒரு கத்தை ஒயர் போகுது. அதுல எது எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

சாட்சி சொல்ல நான் வேண்டும் என்று அம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். போனேன். முன்னால் அம்மா, பின்னால் இசக்கியம்மாள், சுடலைமுத்து, எஸ்தர், முப்பிடாதி, கடைசியில் நான். ஆறு பேர் தெருவைக் கடந்தோம். ஷாஜகான் மட்டும் மாடியிலேயே நின்றுவிட்டார். வெளியூர்க்காரர், நமக்கு எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார்.

'மணமாலை' ஆபீஸ் எங்களுடையதைவிடச் சின்னது. உள்ளே பால்பாண்டி ஒரு அம்மாவுக்குக் கடிதாசு ஜாதகம் காட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். பழைய மரியாதை.

"ஏல பால்பாண்டி! எம் பொண்ணு ஜாதகத்த விடுல!" என்றார் முதலாளியம்மா.

"எந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணா? எத்தனை பேரப் பிடிச்சு வச்சிருக்க நீ? அண்ணாச்சி, சொல்லுங்க. இவன் பேரு இருந்துச்சா இல்லையா?"

"இருந்தது," என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் தெளிவாகச் சொன்னேன்.

பால்பாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. என்னமாய் நடித்தான் தெரியுமா! "அம்மா, ஒங்க ஃபைலத் திறக்க எனக்கு எங்கம்மா நேரம்? இங்க இருக்க ஃபைலே காலையில இருந்து திறக்க மாட்டேங்கு. நானே யாராவது கம்ப்யூட்டர்காரன் கிடைப்பானான்னு பாத்துக்கிட்டிருக்கேன்!"

"நடிக்காதல. இசக்கியம்மா ஜாதகத்த விட்டுட்டு மறு பேச்சுப் பேசு."

அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த அந்த அம்மா தலையை நிமிர்த்தினார். "எந்த இசக்கியம்மா? அந்தக் கோழிக்கடைக்காரியா?"

"யாரு கோழிக்கடைக்காரி?" என்று இசக்கியம்மாள் முன்னால் வந்தாள்.

"புளியங்குடிதானே நீ? ரத்தம் எடுக்க பொண்ணுன்னு சீட்டுல போட்டிருந்துச்சு. போனப் போட்டா, ஒருத்தன் உயிரோடயா உரிச்சாங்கான். ரத்தம் எடுக்கதுன்னா இதுதானான்னு நான் நடுங்கிப் போனேன். எம் மவன் கேக்கான், யம்மா, நம்மளக் கட்டிக் கொடுக்கப் போறியா, அறுக்கக் கொடுக்கப் போறியான்னு."

ஆவுடையம்மாள்தான். எங்கள் மேல் கோபித்துக்கொண்டு வேறு வரன் பார்க்க அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சுடலைமுத்து கையைக் கூப்பினார். பால்பாண்டி என்னைப் பார்த்தான், நான் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். இசக்கியம்மாள் மட்டும் ஒரு நொடியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிட்டாள். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நேரே ஆவுடையம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"அத்தே, நல்லாப் பாத்துக்கிடுங்க. உயிரோடதான் வந்திருக்கேன்."

ஆவுடையம்மாள் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சிரிப்பு வெடித்துவிட்டது, நிற்கவே இல்லை. சிரிப்புக்கு நடுவிலேயே, "இங்கன வந்து உக்காரு தாயி. கிலோ என்ன வெலை?" என்றார்.

"ஒங்க வீட்டுக்குன்னா இலவசம். ஆனா திருப்பி எடுத்துக்கிட மாட்டோம்."

அவ்வளவுதான். சனிக்கிழமை மாப்பிள்ளை வந்து பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே காது பெரிசுதான். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக விமானம் ஏறினான். இன்றைக்குக் கல்யாணம். ஆவணி முகூர்த்தம், புளியங்குடியில். நான் அதற்குத்தான் போகிறேன். விளக்கு என் சொந்தச் செலவு.

பொறுங்கள், இன்னும் முடியவில்லை. நாங்கள் திரும்பி மாடியேறினபோது ஷாஜகான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் திரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த எடத்துல ஒங்களுக்கு முன்னால யாரு இருந்தா?"

"பால்பாண்டி," என்றேன். "ஆனா அவன் போனதும் மேஜையையெல்லாம் சுத்தமாத் தொடச்சிட்டேன்."

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார் போலிருக்கிறது. அப்புறம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அம்மா முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியாக எதிர்த்த மாடியைப் பார்த்தார். அப்புறம் பிள்ளையாரைப் பார்த்தார். "இத யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க தம்பி," என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். தன் ஃபைலுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவன், ஆனாலும் வெளியே தெரிந்தால் அவன் பிழைப்புப் போய்விடுமே என்று மறைக்கச் சொல்கிறார். அது மட்டுமா, பால்பாண்டிக்கு அன்றைக்கே முப்பிடாதி கையில் ஒரு கிலோ அல்வா கொடுத்து அனுப்பினார்!

எனக்கும் அன்றிலிருந்து மரியாதை கூடிவிட்டது. "அண்ணாச்சி, இனிமே சாயங்காலம் நீங்க எதையும் அணைக்க வேண்டாம். முப்பிடாதி பாத்துக்கிடுவான்," என்றார் அம்மா. வயதுக்குக் கொடுக்கிற மரியாதை. முப்பிடாதி நான் கிளம்பினதும் குனிந்து அந்த உறுமுகிற பெட்டியையும் சேர்த்து அணைக்கிறான். ஷாஜகான் அந்தக் குட்டி ஃபைலில் பால்பாண்டி பெயர் இனி வராதபடி ஏதோ செய்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தது. "தெனமும் அண்ணாச்சி பேருதான் மொதல்ல வருது, கடைசி வரைக்கும் நிக்குது," என்று எஸ்தர் சொல்கிறாள். எட்டாவது படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எஸ்தர் கம்ப்யூட்டரில் அந்தத் தடைக் குறி இன்னும் போகவில்லை. ஷாஜகானைக் கூப்பிட்டுப் பாரேன் என்றால், "வேண்டாம் அண்ணாச்சி, நாங்க சாயங்காலம் நீங்க போன பெறகு திருத்திக்கிடுதோம்," என்கிறாள். பாவம், எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ராத்திரி வரை உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். புதுசாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா உடனே எனக்கு ஒரு காபி வரவழைத்தார்.

அதோ, ஊர் வந்துவிட்டது. அந்த வளைவு கட்டியிருக்கிற மண்டபம்தான். விளக்கைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். கல்யாணம் நடந்தது அந்தச் சண்டையால் என்கிறாள் எஸ்தர். நான் வாதாடுவதில்லை. அன்றைக்கு ஷாஜகான் என் திரையில் கீழே இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்துப் பெருக்கல் குறியை அமுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை எண்ணினேன். இசக்கியம்மாளோடு சேர்த்துப் பதினெட்டுச் சத்தம். மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய் அத்தனையையும் திரும்பத் திறந்து, உ போட்டு, பென்சில் வந்ததைப் பார்த்து, கீழே இறக்கி வைத்தேன். முப்பிடாதி ராத்திரி அணைத்தால் என்ன, காலையில் நான் இருக்கிறேன். இன்றைக்குக்கூட ஆபீசைத் திறந்து அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் இந்தப் பஸ்ஸைப் பிடித்தேன். சாயங்காலம் வரை யாரும் அந்தப் பெண்களைத் தொட முடியாது. ஆனால் இசக்கியம்மாள் பக்கத்தை இன்று திறக்கவில்லை; அவளுக்கு இனி வேண்டியதில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக இப்படிக் கரையேறிவிடுவார்கள்.

மீதி பதினேழு.